பழைய மிதிவண்டியும் சேர்த்துவைத்த உதிரிகளும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பொருள் வரைதல் என்னும் நோன்பைப் பற்றிப் பேசுங்கால் நிலம், மனை, பொன், வெள்ளி, தானியம் என நூல்கள் எண்ணிக்காட்டும் பொருள்களே முன்னிற்கும். இன்றைய உரையோ தேய்ந்த ஓர் இரும்புக் கிண்ணத்தையும் ஒரு தகரப் பெட்டியையும் பற்றியது. பழைய மிதிவண்டி வைத்திருப்போர் அதற்குரிய உதிரிப் பாகங்களைத் தேடித் தேடி வாங்கி, அறை நிறைய அடுக்கிப் பூட்டிவைக்கும் பழக்கமே பொருள். பொன்னைச் சேர்ப்பவரைப் பேராசைக்காரர் என்று உலகம் எளிதிற் சொல்லிவிடும். போல்ட்டும் நட்டும் சேர்ப்பவரை அவ்வாறு சொல்ல யாருக்கும் நா எழாது. அவரும் தம்மைக் காப்பாளர் என்றே கருதிக்கொள்வார். அக்கருத்து முற்றிலும் பொய்யுமன்று. ஆதலின் முதற்கண் அவர் பக்கத்து நியாயத்தைக் கேட்டல் முறை.

1880-களின் இறுதியில், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரத்து ராலே தெருவில் இருந்த சிறு பட்டறை ஒன்றைப் பிராங்க் பவுடன் என்பார் வாங்கிப் பெருக்கினார். தெருவின் பெயரே வண்டியின் பெயராயிற்று. பின்னாளில் அந்நிறுவனம் 1932-இல் ஹம்பரையும் 1943-இல் ரட்ஜையும் தன்னுள் சேர்த்துக்கொண்டது. ராலே, ஹம்பர், ரட்ஜ், பி.எஸ்.ஏ., ஹெர்குலிஸ், பிலிப்ஸ் எனக் கப்பலேறி வந்த வண்டிகளே அந்நாளில் நம் நாட்டுச் சாலைகளில் மதிப்புப் பெற்றவை. செயின் சக்கரத்தில் நாரைத் தலை வெட்டப்பட்டிருந்தால் ராலே, விரித்த கை இருந்தால் ரட்ஜ், முன்கவை இருபுறமும் இரட்டைக் குழாயாக இருந்தால் ஹம்பர் என்று எழுதப்படிக்கத் தெரியாதவரும் தொலைவிலேயே இனங்கண்டனர். 1949-இல் சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தோன்றியது. வங்காளத்து அசன்சோலில் சென்-ராலே ஆலை எழுந்தது. 1956-இல் லூதியானாவில் ஹீரோ தொடங்கிற்று. அவ்வாறிருந்தும் நாட்டிங்ஹாமில் செய்த வண்டியை வைத்திருந்தவர் அதனை விற்க மனங்கொள்ளவில்லை. மகன் ஏறினான், பேரனும் ஏறினான்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது எனின், மரையில் தொடங்குகிறது. மிதிகட்டைகளைத் தாங்கும் நடு அச்சு இருபுறமும் இரண்டு கிண்ணங்களில் சுழல்கிறது. கடைவழக்கில் அதனைக் 'கப்' என்பர். பிற ஆங்கிலேய வண்டிகளின் கப்பில் அங்குலத்திற்கு 24 மரை. ராலே மட்டும் தன் வண்டிகளுக்கு 26 மரை என்று தனிவழி வகுத்துக்கொண்டது. இரண்டும் கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றே போலத் தோன்றும். 24 மரைக் கப்பை 26 மரைக் குழாயில் வலிந்து திருகினால் இரண்டு சுற்று இறங்கும், மூன்றாம் சுற்றில் குழாயின் மரையையே தின்றுவிடும். கப் போனால் வேறு கப் தேடலாம், குழாயின் மரை போனால் வண்டியின் உடலே போயிற்று.

டயரின் கதை இதனினும் குழப்பமானது. 28 என்று எழுதிய டயர்கள் எல்லாம் ஒன்றல்ல. நம்மூர்க் கறுப்பு வண்டியின் 28 × 1½ டயர் 635 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரிம்மில் அமர்வது. அதே 28 என்ற எண்ணைத் தாங்கி வரும் இக்காலத்து டயர் ஒன்று 622 மில்லிமீட்டருக்கு உரியது. 26 × 1⅜ என்பதற்கு 590, மலைவண்டியின் 26-க்கு 559. கடைக்காரர் நல்லெண்ணத்தோடு '26 தானே' என்று எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து மாட்டினால் தொளதொளக்கும். கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னிலும் 9.5 மில்லிமீட்டர், 9 மில்லிமீட்டர் என வேறுபாடு உண்டு. இருமுறை தவறாக வாங்கி வந்தவர், மூன்றாம் முறை சரியானது கண்ணிற்பட்டால் ஒன்றுக்கு ஐந்தாக வாங்கிவிடுகிறார். சேர்த்துவைக்கும் பழக்கத்திற்கு விதை இதுவே.

மற்றோர் அச்சமும் உண்டு. நாட்டிங்ஹாமில் வண்டிச் சட்டம் செய்வது 1999-இல் நின்றது. 2002-இல் ஆலையே மூடப்பட்டது. அவ்வாலை இருந்த நிலப்பரப்பில் இன்று நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் ஜூபிலி வளாகம் நிற்கிறது. அசன்சோல் ஆலையும் ஓய்ந்தது. 2020 ஜூன் 3, உலக மிதிவண்டி நாளன்றே, சாகிபாபாத்தில் அட்லஸ் ஆலை மூடப்பட்ட செய்தியைப் பலரும் படித்திருப்பர். தாயில்லாப் பிள்ளையைப் போல வண்டி நிற்கையில், அதனை நேசிப்பவர் கிடைத்ததை எல்லாம் அள்ளிக்கொள்வதில் வியப்பில்லை.

இவ்வளவும் அவர் பக்கத்து நியாயம். இனி அவர் பெட்டியைத் திறந்து பார்க்கலாம்.

மேலே இருப்பது பெரும்பாலும் டயரும் டியூபும். ரப்பர் காத்திருக்கும் பொருளன்று. காற்றும் வெளிச்சமும் வெப்பமும் அதனை மாட்டாத நிலையிலும் வயதாக்குகின்றன. மடித்து வைத்த மடிப்பிலேயே வெடிப்பு ஓடும். பிரேக் கட்டை கல்லாக இறுகி, ரிம்மைப் பிடிப்பதற்கு மாறாக வழுக்கும். வால்வின் மேல் செருகும் மெல்லிய வால்வு டியூப் சில ஆண்டுகளில் பிசுபிசுத்துப் போகும். சில ரூபாய்க்கு எந்தப் பஞ்சர் கடையிலும் கிடைக்கும் அதனைக் கட்டுக்கட்டாக வைத்திருப்போர் இருக்கின்றனர். அடுத்தது தோல் இருக்கை. பர்மிங்ஹாமில் 1866-இல் தொடங்கிய புரூக்ஸ் நிறுவனத்தின் இருக்கையைப் புதிதாகவே பட்டுத்துணியில் சுற்றிவைத்திருப்பார். பராமரிப்பின்றி உலர்ந்த தோல், பின்னொரு நாள் ஒருவர் அமர்ந்தவுடன் குமிழ் ஆணியின் அருகே கிழிகிறது. பால்ரஸ் குண்டுகளைக் கிரீஸ் இன்றி ஹார்லிக்ஸ் பாட்டிலில் இட்டு வைத்தால் கடற்கரை ஊர்களில் இரண்டு மழைக்காலம் போதும், ஒவ்வொரு குண்டிலும் துருப்புள்ளி விழும். அத்தகைய குண்டு கப்பையும் கோனையும் சேர்த்துத் தின்னும். ஆக, காப்பதாக எண்ணிப் பூட்டிய பொருளிற் பாதி பூட்டிய இடத்திலேயே அழிகிறது.

எஞ்சிய பாதியில் பெரும்பகுதி இன்றும் கிடைப்பது. காட்டர் பின் இன்னும் செய்யப்படுகிறது. 28 × 1½ டயரும் கம்பி பிரேக்கும் நம் நாட்டில் வழக்கொழியவில்லை. மேலைநாட்டவர் தம் பழைய வண்டிகளுக்கு அந்த அளவு டயரை இந்தியாவிலிருந்து வரவழைத்துப் பூட்டுகின்றனர் என்பதை இங்குள்ள சேகரிப்பாளர் பலர் அறியார்.

இவ்விடத்தில் ஸ்டர்மி-ஆர்ச்சர் மூன்று வேக ஹப்பைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். சேகரிப்போர் கண்ணுக்கு அது மாணிக்கம். பின்சக்கர நடுவில், கையளவு உருளைக்குள், சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல ஒரு பல்சக்கரத்தை நான்கு சிறு பல்சக்கரங்கள் சுற்றிவரும். கீழ் வேகத்தில் ஏற்றம் ஏறுவது எளிது, மேல் வேகத்தில் சம நிலத்தில் விரையலாம். அதன் ஏ.டபிள்யூ. என்னும் வகை 1936-இல் வந்தது. உருளையின் மேலேயே செய்த ஆண்டும் மாதமும் பொறிக்கப்பட்டிருக்கும். 58 7 என்றிருந்தால் 1958 ஜூலை. இந்த ஹப் ஓடவில்லை என்று கண்டவுடன், போய்விட்டது என முடிவுகட்டி, மாற்றுக்கு மூன்றும் நான்கும் முழு ஹப்புகளை வாங்கி அடுக்குவர். உண்மையில் ஓடாத ஹப்பிற் பெரும்பாலானவை தேய்ந்தவை அல்ல. பல்லாண்டு நின்றதால் உள்ளிருந்த எண்ணெய் பிசினாகி, பற்களைப் பிடிக்கும் சிறு கொக்கிகள் ஒட்டிக்கொண்டவை. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துச் சுழற்றி, மெல்லிய எண்ணெய் சில துளி இட்டு, அச்சிலிருந்து வரும் சிறு சங்கிலியின் இழுப்பைச் சரிசெய்தால் உயிர்பெறும். உருளையிலேயே எண்ணெய் விடுவதற்கு ஒரு சிறு மூடி வைத்திருக்கிறார்களே, அது எதற்காக? மாற்று ஹப் தேடி நகரந்தோறும் அலைந்தவர் அந்த மூடியைத் திறந்து பார்த்ததில்லை என்பது வேடிக்கை. உள்ளே ஏதேனும் உடைந்திருந்தாலும் ஏ.டபிள்யூ. பாகங்கள் பல பதிற்றாண்டுகளாகப் பெரும்பாலும் ஒன்றுக்கொன்று பொருந்தி வருவன. 2000-இல் நிறுவனம் கைமாறி, உற்பத்தி தைவானுக்குப் பெயர்ந்த பின்னும் மூன்று வேக ஹப் செய்வது நிற்கவில்லை.

அவ்வாறாயின் உண்மையிலேயே கிடைத்தற்கரியது எது? 26 மரைக் கப் போன்ற ஒருசில. அவைதாம் எல்லோருக்கும் வேண்டியவை; அவைதாம் பெட்டியின் அடியில் கிடப்பவை.

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பெரியவர் ஒருவர் வாழ்ந்தார். ஒருகாலத்தில் வாடகை சைக்கிள் கடை நடத்தியவர். வீடுதோறும் இருசக்கர மோட்டார் வண்டி வந்த பின் கடையை மூடினார். கடையின் இருப்பை மாடியறைக்கு ஏற்றினார். ஏற்றியதோடு நில்லாமல், மூடப்பட்ட பிற கடைகளின் இருப்பையும் மதுரை வரை சென்று வாங்கிவந்தார். பிஸ்கட் டின்களும் மரப்பெட்டிகளும் அறையின் கூரையைத் தொட்டன. மனைவியார் நெல் மூட்டை வைக்க இடங்கேட்டபோது கூடத்தைக் காட்டினார். தமக்கென ஒரு ராலே வைத்திருந்தார். அதனை ஆண்டுக்கொரு முறை பிரித்து, கடைக்காரர்கள் 'ஓவராயில்' என்னும் முழுச்செப்பம் செய்து, வாரம் ஒருமுறை கோயில்வரை ஓட்டிவருவார். கடுஞ்சொல் அறியாதவர். பசித்து வந்தவருக்குச் சோறிட்ட பின்னரே தாம் உண்டவர்.

திண்டிவனத்திலிருந்து இளைஞன் ஒருவன் அவரைத் தேடி வந்தான். அவன் பாட்டனார் ஆசிரியர். முப்பது ஆண்டு பள்ளிக்கூடம் சென்றுவந்த ராலே வண்டி வீட்டில் நின்றது. எண்பது கடந்த பாட்டனார் அதில் ஏறப்போவதில்லை, எனினும் பேரன் அதனை ஓட்டுவதைக் காண விரும்பினார். நடு அச்சின் வலப்பக்கக் கப் தேய்ந்து குழிவிழுந்து, மிதிக்குந்தோறும் நறநறவென்றது.

"ஐயா, வலக் கப் ஒண்ணு வேணுங்க. கடைக்காரங்க எல்லாரும் உங்ககிட்டதான் இருக்கும்னு சொன்னாங்க."

"இருக்குது தம்பி. ஆனா ஒண்ணுதான் இருக்குது. என் வண்டிக்கு வேணுமே."

இளைஞன் மறுத்துரைக்கவில்லை. பெரியவர் அவனை அமர்த்திக் காப்பி கொடுத்தார். தம் வண்டியைக் காட்டினார். அவ்வண்டியின் கப் நான்கு ஆண்டுகளுக்கு முன்தான் மாற்றப்பட்டது. கோயிலுக்குப் போய்வரும் ஓட்டத்திற்கு அது இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். அவன் மேலும் இருமுறை வந்தான். விடை மாறவில்லை. அதற்குள் அவன் பாட்டனார் காலமானார்.

சில ஆண்டுகளில் பெரியவரும் மறைந்தார். பெங்களூரில் பணிபுரியும் மகன் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டை ஒழுங்குபடுத்த முற்பட்டார். பெட்டி எதிலும் பெயரில்லை. எது எந்த வண்டிக்கு என்று அறிந்த ஒரே மனிதர் போய்விட்டார். காயலான் கடைக்காரர் வண்டியோடு வந்து, இரும்பை மட்டும் எடைபோட்டு எடுத்துக்கொண்டார். ரப்பர் குப்பைக்குப் போயிற்று. மகன்மீது குற்றமில்லை. அவருக்கு அது துரு, அவ்வளவே. தந்தையாரின் கையெழுத்து என்பதற்காக ஒரு நீள நோட்டை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்.

செய்தி கேட்டு இளைஞன் வந்தபோது அறை கழுவிவிடப்பட்டிருந்தது. மகன் அந்த நோட்டை அவனிடம் கொடுத்தார். அழகிய எழுத்தில் பக்கம் பக்கமாக இருப்புக் கணக்கு. மூன்றாம் பக்கத்தில் இருந்தது: ராலே, வலக் கப், 26 மரை, புதியது, 4.

"நீங்க தேடினது இதுல இருக்குதா?" என்று மகன் கேட்டார்.

"இருக்குதுங்க" என்று சொல்லி நோட்டை மூடினான்.

பெரியவரைப் பொய்யர் என்று சொல்வது எளிது, அது சரியன்று. நான்கும் அவர் மனத்தில் ஒன்றாகவே இருந்தன. தீர்ந்துபோகுமே என்று அஞ்சும் நெஞ்சுக்கு எத்தனை இருந்தாலும் கையில் இருப்பது எப்போதும் கடைசி ஒன்றுதான். பொருளை அன்று, பொருளின்மேற் கொள்ளும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் வரையறுக்கிறது. அதற்கு அந்நூல் ஆளும் சொல் மூர்ச்சை. தமிழில் அறிவிழந்து வீழ்வதற்கு அச்சொல்லை வழங்குகிறோம். சோறிடத் தயங்காத கை ஒரு கப்பைக் கொடுக்கத் தயங்கியதே, அந்தச் சிறு இடத்தில் அவர் அறிவிழந்திருந்தார் என்று கொண்டால் இரு பொருளும் ஒன்றாகின்றன.

நோன்போ ஒன்றும் வைத்திராதே என்று இல்லறத்தாருக்குச் சொல்லவில்லை. அளவை முன்கூட்டியே தானே வகுத்துக்கொள் என்கிறது. மிதிவண்டிக்கு அவ்வாறு அளவு வகுப்பது கடினமன்று. ஓடும் ஒரு வண்டிக்குக் காட்டர் பின் இரண்டு இணை, அச்சுகளுக்கு உரிய பால்ரஸ் குண்டு ஒரு தொகுதி, 26 மரைக் கப் ஒரு இணை, பிரேக் கட்டை ஒரு தொகுதி. குண்டுகளில் ஒன்று கெட்டாலும் தொகுதியையே மாற்றுவது நன்று. பழையதும் புதியதும் கலந்தால் சுமை ஒன்றின்மேலேயே விழும். டயரைச் சேர்க்கவே வேண்டாம், தேய்ந்தபோது வாங்கலாம். இரும்புப் பொருளைக் கிரீஸ் தடவி எண்ணெய்த் தாளில் சுற்றவேண்டும். செய்தித்தாள் ஈரத்தை இழுக்கும். சுற்றிய தாளின்மேல் எந்த வண்டி, எந்தப் பக்கம், எத்தனை மரை என்று எழுதி ஒட்டவேண்டும். நோட்டில் எழுதியது போதாது என்பதற்கு மேற்சொன்னதே சான்று. பொருளும் எழுத்தும் பிரிந்தால் ஒன்று இரும்பாகிறது, மற்றொன்று நினைவாகிறது.

இங்கிலாந்தில் 1955-இல் தொடங்கிய வெட்டரன் சைக்கிள் கிளப்பில் ஒவ்வொரு பெயர் வண்டிக்கும் அதனை ஆழ்ந்தறிந்த உறுப்பினர் இருக்கிறார். ஐயம் எழுதிக் கேட்போருக்கு இன்ன ஆண்டு வண்டி, இன்ன பாகம் பொருந்தும் என்று விடையளிப்பது அவர் பணி. பொருளினும் அறிவு பலரிடம் இருந்தால் பூட்டிய அறைகளின் தேவை குறையும் என்பதை அவர்கள் கண்டுகொண்டிருக்கின்றனர்.

அந்த இளைஞனின் வண்டி என்னாயிற்று என்று கேட்கத் தோன்றும். திண்டிவனத்து லேத் பட்டறை ஒன்றுக்குத் தேய்ந்த பழைய கப்பையே மாதிரியாக எடுத்துச் சென்றான். பட்டறைக்காரர் மரையளவியை வைத்துப் பார்த்தார். 26 மரை; வலப்பக்கம் என்பதால் இடம்புரி மரை. தன் லேத்தின் பல்சக்கரங்களை மாற்றி அமைத்து அந்த மரையை வெட்ட முடியும் என்றார். குண்டு ஓடும் தடத்தைக் கடினமாக்க நெருப்பிலிட்டுப் பதப்படுத்த வேண்டும், இல்லையேல் மூன்று மாதத்தில் மீண்டும் குழிவிழும் என்றும் சொன்னார். ஒரு வாரத்தில் கப் வந்தது. மாட்டியதும் அச்சு சத்தமின்றிச் சுழன்றது.

பட்டறைக்காரர் கேட்டார்: "மிஷின்ல செட்டிங் அப்படியே இருக்குது தம்பி. இன்னொரு பத்துப் போட்டு வச்சுக்கிறீங்களா? விலை பாதிதான் ஆகும்."

அவன் சற்று நேரம் பேசாமல் நின்றான்.

"ஒண்ணு போதும்ணே," என்றான். பிறகு, மாதிரிக்குக் கொண்டுவந்த பழைய கப்பைக் கையிலெடுத்தான். "இதை நீங்களே வச்சுக்குங்க. வேற யாராவது ராலே வண்டிக்குன்னு கேட்டு வந்தா அளவுக்கு ஆகும்."

பட்டறைக்காரர் அதில் ஒரு கம்பியைக் கோத்து, மேலே '26, இடம்புரி' என்று சுண்ணக்கட்டியால் எழுதிய அட்டை ஒன்றைக் கட்டி, லேத்தின் மேலுள்ள ஆணியில் மாட்டினார்.